கரையாத பலிக்கட்டி

முர்ட்டர் தீவு,
ஜூன் 11

பெருமதிப்புக்குரிய மாப்பிள்ளை டோமகோய் அவர்களுக்கு,

தங்கள் மச்சான் யெர்கோ எழுதுவது. இங்கே நானும் என் மனைவி ஸோர்காவும் நலம், ஆலிவ் மரங்கள் நலம், மூன்று கோழிகளும் நலம். ஜெர்மனியில் தாங்களும் என் தங்கை நெவென்காவும் அவ்வண்ணமே இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். நலமில்லாதது ஒன்றே ஒன்றுதான், அது தங்கள் பாய்மரப் படகு. தயவுசெய்து உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

உங்கள் கல்யாண விருந்தில், ரக்கியா சாராயம் தலைக்கேறி, "இவனுக்குத் துடுப்பு எது, துடைப்பம் எதுன்னு தெரியாது" என்று எல்லார் முன்னாலும் உங்களைச் சொன்னவன் நான். அதனால் ஒன்பது வருஷம் நாம் பேசிக்கொள்ளவில்லை. தப்பு என்னுடையதுதான். ரெண்டு வருஷம் முன்னால் நீங்களாகவே வந்து, படகுச் சாவியை என் கையில் வைத்து, "இனி இது உங்க பொறுப்பு மச்சான்" என்றீர்கள். அன்றைக்கு நான் வீட்டுக்குப் போய் அழுததாக ஸோர்கா உங்களிடம் சொல்லியிருந்தால், அது உண்மைதான்.

கிளம்பும்போது ஒன்று சொன்னீர்கள்: "குளிர்காலத்துல ஆத்துல கட்டுறதா இருந்தா அலுமினியப் பலிக்கட்டிதான் மாட்டணும்." (நெவென்காவும் படிப்பாள் என்பதால் சொல்கிறேன்: படகின் அடியில் மாட்டுகிற உலோகக் கட்டி அது. தான் கரைந்து, புரொப்பல்லரை உப்புத் தண்ணீர் அரிக்காமல் காப்பாற்றும்.) கடையில் இரண்டையும் தூக்கிப் பார்த்தேன். அலுமினியம் ஓட்டைச் சட்டி மாதிரி லேசு, துத்தநாகம் நல்ல கனம். கனமானதுதானே உழைக்கும் என்று துத்தநாகத்தை வாங்கி மாட்டிவிட்டு, அடியில் ஒட்டின சிப்பியெல்லாம் நல்ல தண்ணீரில் செத்து விழட்டும் என்று ஊரார் செய்வதுபோல ஸ்க்ராதினுக்குக் கொண்டுபோய் ஆற்றில் கட்டினேன், வசந்தத்தில் கடலுக்குக் கொண்டுவந்தேன், மறு வருஷமும் அப்படியே செய்தேன். நடுவில் முங்கிப் பார்த்தால் பலிக்கட்டி முழுசாக இருந்தது மாப்பிள்ளை! எனக்கு வந்த பெருமையைக் கேட்கணுமா? மத்தவனுக்கெல்லாம் வருஷத்துக்கொரு கட்டி கரையுது, எனக்குக் கரையவே இல்ல. காப்பிக் கடையில் உட்கார்ந்து, "வாங்கத் தெரியணும்டா" என்று ஊரையே இளக்காரம் பண்ணினேன்.

போன வெள்ளிக்கிழமை படகைக் கரையேற்றினோம். பட்டறைக்காரி டோங்கா குனிந்து பார்த்தாள்.

"என்ன மாமா, இதை அலமாரில வெச்சுப் பூட்டியிருந்தீங்களா? புத்தம் புதுசா இருக்கு!"

"பாத்தியா! ரெண்டு வருஷம். ஒரு பொட்டுக் கரையல!"

"அட கடவுளே. கரையலேன்னா அது வேலையே செய்யல மாமா. ஆத்துத் தண்ணில மேல தோல் படிஞ்சு போச்சு. அப்புறம் கடலுக்கு வந்து என்ன பிரயோசனம்? வெறும் உலோகம் தண்ணியத் தொடணும், மேல ஒண்ணும் இருக்கக் கூடாது. இது கரையாததால, அங்க யாரு கரைஞ்சிருக்கான்னு பாருங்க."

மஞ்சளாக இருக்க வேண்டிய பித்தளை புரொப்பல்லர் ரோஸ் நிறத்தில் இருந்தது. "அழகாத்தானே இருக்கு" என்றாள் ஸோர்கா. டோங்கா சுத்தியலால் செல்லமாக ஒரு தட்டுத் தட்டினாள். ஓர் இறக்கை ரஸ்க் மாதிரி உடைஞ்சு என் காலடியில விழுந்துச்சு. துடுப்பு எது, துடைப்பம் எதுன்னு தெரியாதவன் யாருன்னு அன்னிக்குத்தான் எனக்குப் புரிஞ்சுது மாப்பிள்ளை.

பயப்படாதீங்க. புது புரொப்பல்லர் போட்டாச்சு. இந்தத் தடவை சொன்ன பேச்சைக் கேட்டு அலுமினியக் கட்டி ரெண்டு வாங்கி, டோங்கா பக்கத்துல நிக்க, நானே திருகி மாட்டினேன். இன்னிக்குக் காலைல படகு தண்ணில இறங்கிடுச்சு. ஆகஸ்ட்ல நீங்களும் நெவென்காவும் உங்க கல்யாண நாளுக்கு வீஸ் தீவுக்கு ஜோராப் போயிட்டு வரலாம். என் மேல கோபம்னா திட்டுங்க, நாலு பேர் முன்னாலயே திட்டுங்க. பேசாம மட்டும் இருந்துடாதீங்க. இன்னொரு ஒன்பது வருஷம் காத்திருக்க எனக்கு வயசு பத்தாது.

தங்கைக்கு என் அன்பு. உங்கள் இருவருக்கும் கடலோடிகளைக் காக்கும் புனித நிக்கோலா என்றும் துணையிருப்பாராக.

இப்படிக்கு,
செய்ததை ஒப்புக்கொண்டு முற்றிலும் திருந்திவிட்ட மச்சான்,
யெர்கோ

பி.கு.: நல்ல சேதி ஒன்றை மறந்துவிட்டேன். படகின் அடிப்பாகத்துக்கு நீலப் பெயின்ட் அடிச்சப்ப, புதுப் பலிக்கட்டி ரெண்டும் வெள்ளை வெளேர்னு துருத்திக்கிட்டு அசிங்கமா இருந்துச்சு. டோங்கா சாப்பிடப் போன நேரமாப் பார்த்து, அதுங்களுக்கும் சேர்த்து மூணு கோட் அழுத்தி அடிச்சுட்டேன். எங்க இருக்குன்னு உங்களாலயே கண்டுபிடிக்க முடியாது. பாவம், இந்தத் தடவை அதுங்களை எதுவும் அரிக்காது.