ஒரே ஒயரில் ஐந்து முகவரி

மனிதன் நெருப்பைக் கண்டுபிடித்தான். பிறகு சக்கரத்தைக் கண்டுபிடித்தான். அதற்கப்புறம் குறிப்பிட்டுச் சொல்லும்படியாக எதுவும் நடக்கவில்லை, எங்கள் அலுவலகம் ஒரே நெட்வொர்க் கார்டுக்கு ஐந்து முகவரிகளை வழங்கும் வரை.

நான் நகர முகவரி வழங்கும் அலுவலகத்தில் மக்கள் தொடர்பு அலுவலர். மக்களோடு யாருக்கும் தொடர்பு ஏற்பட்டுவிடாமல் பார்த்துக்கொள்வது என் பணி. எனவே இந்த வரலாற்றை எழுதும் தகுதி எனக்கு மட்டுமே உண்டு.

முன்பெல்லாம் எங்கள் அலுவலகம் மிகக் கேவலமான வேகத்தில் இயங்கியது. ஒருவர் தன் வீட்டுக்குக் கதவு எண் கேட்டு மனுக் கொடுப்பார். மனு நேராகப் பின்கட்டுக் கொட்டகைக்குப் போகும். அங்கே பலகைக்காரர் ஒருவர் சுத்தியலோடு உட்கார்ந்திருப்பார். மாலைக்குள் ஆட்சேபம் ஏதும் வராவிட்டால் தகரத்தில் எண்ணை அடித்துக் கொடுத்துவிட வேண்டும் என்பது விதி. யாரும் ஆட்சேபிக்காததால் அவரும் நாளெல்லாம் 'டொக் டொக்' என்று அடித்துக்கொண்டிருந்தார். இப்படியே விட்டிருந்தால் நகரத்தில் எல்லோருக்குமே முகவரி கிடைத்துத் தொலைத்திருக்கும்.

நல்ல காலம், புதிய இயக்குநர் வந்தார். வந்ததும் 'சீர்திருத்தம்' செய்தார். விண்ணப்பம், சரிபார்ப்பு, ஆட்சேபம், மேல்முறையீடு, குறைதீர்ப்பு என்று ஐந்து பிரிவுகள், ஐந்து தலைவர்கள். தலைவர்கள் ஐவரும் தங்களுக்குத் தனி சர்வர் வேண்டுமென்று ஒற்றைக் காலில் நின்றார்கள். ஆட்சேபிக்கிற கம்ப்யூட்டரே மேல்முறையீட்டையும் விசாரித்தால் நியாயம் எப்படிக் கிடைக்கும் என்று மேல்முறையீட்டுத் தலைவர் கேட்டபோது எனக்கே கண் கலங்கியது.

ஆனால் இருந்தது ஒரே ஒரு பெட்டி. இயக்குநர் கையைப் பிசைந்தார். அப்போது அலுவலகமே 'ஒயர்' என்று அழைக்கும் எங்கள் டெக்னீஷியன், எதற்கு இவ்வளவு கவலை என்பது போலத் தலையைச் சொறிந்துகொண்டு முன்வந்தார். பெட்டியின் முதுகில் நெட்வொர்க் கார்டு என்று ஒன்று இருக்கிறது, ஒயர் செருகும் இடம் அதுதான், மற்ற கம்ப்யூட்டர்கள் கூப்பிடுவதற்கு வழக்கமாக அதற்கு ஒரு முகவரி கொடுப்பார்கள், விரும்பினால் ஐந்தும் கொடுக்கலாம் என்றார்.

"ஒண்ணுக்கு அஞ்சா? கொழப்பம் வராதா?" என்றார் இயக்குநர்.

"என்ன கொழப்பம் சார்? என்னைய வீட்ல அப்பாங்கறாங்க, மச்சாங்கறாங்க, சித்தப்பாங்கறாங்க. யாரு எப்படிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பாக்கறது நான்தானே."

காபி ஆறுவதற்குள் அவர் வேலையை முடித்துவிட்டார். 'ஐந்து சுதந்திரமான சர்வர்கள்' என்று நான் அறிக்கை வெளியிட்டேன். திறப்பு விழாவில் ஒரே பெட்டியைச் சுற்றி ஐந்து ரிப்பன் கட்டி ஐந்து பேர் வெட்டினார்கள். ஒவ்வொரு தலைவரும் தம் பெயர்ப்பலகையை அதில் ஒட்டிவிட்டுப் போனார். அதற்குமேல் பெட்டியின் முகத்தை யாரும் பார்த்ததில்லை.

இந்தப் பொற்காலத்தில்தான் தையல்காரம்மா வந்து சேர்ந்தார்.

அடுத்த தெருவில் ஒரு சைக்கிள் கடை. கடைக்கு மேலே மாடியில் இவர் குடித்தனம். கடைக்குக் கதவு எண் உண்டு, மாடிக்கு இல்லை. இவருடைய மகள் நிறைமாதக் கர்ப்பிணி. ஒரு நாள் பொய்வலி வந்து ஆம்புலன்சைக் கூப்பிட்டிருக்கிறார்கள். வந்த வண்டி, சொன்ன எண்ணில் சைக்கிள் கடை பூட்டியிருப்பதைப் பார்த்துவிட்டு, ஆளில்லை என்று திரும்பிப் போய்விட்டது. அடுத்த தடவை வருவது நிஜ வலியாக இருந்தால் என்ன செய்வது என்பது அந்த அம்மாவின் பயம். மாடிக்குத் தனி எண் வேண்டும், பிரசவத்துக்கு முன்னால் வேண்டும். அவர் கேட்டது இவ்வளவுதான்.

மனு ஆட்சேபப் பிரிவில் நின்றது. மாடிக்கும் கடைக்கும் தெருவாசல் ஒன்றே. 'ஒரு வாசலுக்கு ஒரு முகவரி' என்பது ஆட்சேபத் தலைவர் தம் கைப்பட எழுதிய விதி. ஒரே வாசலுக்கு இரண்டு முகவரி கொடுப்பது தொழில்நுட்ப ரீதியாகவே சாத்தியமில்லை என்று அதில் விளக்கமும் இருக்கிறது. மனு எத்தனை முறை கொட்டகைக்குப் போனாலும், அன்று மாலைக்குள் ஆட்சேப முகவரியிலிருந்து ஒரு சீட்டு தானாகவே அங்குள்ள பிரிண்டரில் வந்து விழும். பலகைக்காரர் சுத்தியலைக் கீழே வைத்துவிடுவார்.

அம்மா விடவில்லை. மேல்முறையீடு செய்தார். மேல்முறையீட்டு முகவரி, ஆட்சேப முகவரியிடம் விளக்கம் கேட்டது. அது சரிபார்ப்பு முகவரியைக் கேட்டது. சரிபார்ப்பு, விண்ணப்ப முகவரியைக் கேட்டது. இத்தனை கடிதப் போக்குவரத்துக்கும் அந்த மேல்முறையீட்டு மனு பெட்டியை விட்டு வெளியே வந்ததே இல்லை என்று ஒயர் பின்னால் என் காதில் சொன்னார். வெளியே வராமலேயே அது எப்படி வழியில் தொலைந்தது என்பதுதான் இன்றுவரை யாருக்கும் புரியவில்லை.

கடைசியில் நேர்விசாரணைக்கு அழைத்தோம். அம்மா மகளோடு வந்தார். பகல் வெயிலில் நடந்து வந்த அந்தப் பெண்ணுக்கு மூச்சு வாங்கியது. எங்கள் அலுவலகத்தில் ஏசி உள்ள அறை ஒன்றுதான், அது பெட்டியின் அறை. இயக்குநருக்குக்கூடக் காற்றாடிதான். மனிதாபிமானத்தை முன்னிட்டு, யாரும் பார்க்காதபோது, ஒயர் அந்தப் பெண்ணை அங்கே ஒரு நாற்காலியில் உட்காரவைத்தார். நான் பார்க்காதவர்களில் ஒருவன்.

துணைக்கு நின்ற அம்மா, பெயர்ப்பலகைகளை ஒவ்வொன்றாகப் படித்தார்.

"இந்த அஞ்சு ஆபீசும் எங்க சார் இருக்கு? நானும் தேடாத எடமில்ல."

"இதாம்மா," என்றார் ஒயர், பெட்டியைத் தட்டி. "எல்லாமே இதான்."

அம்மா பெட்டியைச் சுற்றிப் பின்பக்கம் போய்ப் பார்த்தார். "ஒயரு ஒண்ணுதானே போகுது?"

"ஒண்ணுதாம்மா."

"ஒரு வாசலுக்கு ஒரு முகவரிதான்னு சொன்னீங்களே சார்," என்று என்னைப் பார்த்தார்.

நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, அது தொழில்நுட்பம், இது நிர்வாகம், இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது என்று எடுத்துரைத்தேன். நான் பேசியதிலேயே மிகத் தெளிவான பேச்சு அது. கேட்டவர்கள் யாருக்கும் புரியவில்லை. இப்போது எனக்கும் புரியவில்லை.

அந்தப் பெண் முதுகு வலிக்கிறதென்று நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். நாற்காலிக் கால் ஒயரில் மாட்டிக்கொண்டது. 'டக்' என்று ஒரு சத்தம். பெட்டியின் பின்னால் மினுக்கிக்கொண்டிருந்த பச்சை விளக்கு அணைந்தது.

ஐந்து சர்வர்களும் ஒரே நொடியில் மாண்டன. ஐந்து தலைவர்களும் பதறிப்போய் இயக்குநர் அறைக்கு ஓடினார்கள். ஒரே நேரத்தில் ஐந்து 'தனித்தனிக் கோளாறுகள்' ஏற்பட்டிருப்பதாக அவசரக் கூட்டம் கூடியது. எதிரிகளின் சதியாக இருக்கலாம் என்றார் குறைதீர்ப்புத் தலைவர். பிடுங்கிய ஒயரைத் திரும்பச் செருகினால் போதும் என்று ஒயர் வாசலில் நின்று சொல்லிப் பார்த்தார். யாருடைய ஒயரை முதலில் செருகுவது என்று இயக்குநர் கேட்டார். அதோடு கூட்டம் சூடு பிடித்தது. எல்லோருக்கும் தம் சர்வரே முதலில் எழ வேண்டும். சீனியாரிட்டிப்படி என்றார் ஒருவர், அகர வரிசைப்படி என்றார் இன்னொருவர். கையில் ஒயரைப் பிடித்தபடி ஒயர் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். உத்தரவு இல்லாமல் செருகினால் வேலை போய்விடும்.

விவாதம் நடந்துகொண்டிருந்தபோது பின்கட்டிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. எங்கோ கேட்ட சத்தம் மாதிரி இருந்தது. 'டொக் டொக்.'

மாலை ஆகியும் பிரிண்டரில் ஒரு சீட்டும் விழவில்லை. ஆட்சேபம் இல்லாவிட்டால் அடிக்க வேண்டும் என்ற பழைய விதியை ரத்து செய்ய எல்லோரும் மறந்திருந்தார்கள். பலகைக்காரர் முதலில் தையல்காரம்மாவின் பலகையை அடித்தார். பிறகு நிலுவையில் கிடந்த மற்ற மாடிகள், பின்கட்டுகள், சந்து வீடுகள் என்று கைக்கு வந்ததையெல்லாம் அடித்தார். கடைசியில் சீட்டுக் குலுக்கிப் போட்டு ஒயரைச் செருகச் சொல்லி உத்தரவு வந்தபோது அவருக்குத் தோள்பட்டை கழன்றிருந்தது. முகம் மட்டும் மாப்பிள்ளை முகம் போலிருந்தது.

சில நாள் கழித்து அந்தப் பெண்ணுக்கு நிஜ வலி வந்தது. ஆம்புலன்ஸ் மாடியின் பலகையைப் பார்த்து நேராக வந்து நின்றதாம். தாயும் சேயும் நலம், ஆண் குழந்தை. செய்தி கேட்டதும் எனக்குக் கட்டுக்கடங்காத சந்தோஷம். 'ஐந்து சர்வர்களின் மகத்தான வெற்றி' என்று உடனே அறிக்கை விட்டேன்.

அங்கேதான் வினை ஆரம்பித்தது. அறிக்கையைப் படித்துவிட்டு, உண்மையில் நடந்ததை ஒயரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, அன்று பலகை கிடைக்காத மாடிக் குடித்தனக்காரர்களெல்லாம் திரண்டு வந்துவிட்டார்கள். மாதங்கள் ஓடிவிட்டன, தினமும் வருகிறார்கள். வாசலில் வரிசை நிற்கிறது. கையில் மனு இல்லை, கோபமும் இல்லை, எல்லோருக்கும் ஒரே ஒரு வேண்டுகோள். அந்தப் பெண் இன்னொரு தடவை வந்து அந்த நாற்காலியில் உட்காருவாரா?

நேற்று தையல்காரம்மா பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு நன்றி சொல்ல வந்தார். வரிசையைப் பார்த்தார், விஷயத்தைக் கேட்டார், என் மேஜைக்கு வந்து தணிந்த குரலில் சொன்னார்:

"பொண்ணு எதுக்கு சார்? இவன உள்ள விடுங்க போதும். கையில கெடைக்கறத எல்லாம் புடிச்சு இழுக்கப் பழகிட்டான்."