பிறந்த நேரம் எதற்கு?

"உங்க போட்டோ அனுப்புங்களேன்" என்று சாட்டில் சௌம்யா கேட்டதும் யுவனுக்கு வியர்த்துவிட்டது. லிங்கராஜபுரத்தில் ஓஸ்வால்டின் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்துகொண்டு, ஒன்பதாம் வகுப்புப் பையனான அவன் தன்னை இருபத்தைந்து வயது சாஃப்ட்வேர் இன்ஜினியர் என்று சொல்லிவைத்திருந்தான். அத்திபெலேயிலிருந்து அவள் அனுப்பிய போட்டோவைப் பார்த்த பிறகு உண்மையைச் சொல்ல யாருக்கு மனசு வரும்?

அண்ணன் பரத்தின் போட்டோவை ஸ்கேன் செய்து அனுப்பினான்.

"எந்தக் கம்பெனி? சிகரெட் பழக்கம் உண்டா?"

அண்ணனின் கம்பெனியைச் சொன்னான். சிகரெட் இல்லை என்றான்.

"உங்க குணம் எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு."

யுவனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. இவன் எழுத்தைத் தேடித்தேடி ஒரு வரி தட்டுவதற்குள் அவள் நாலு வரி அனுப்பிவிடுவாள். அவ்வளவு ஆசை!

"எத்தனை மணிக்குப் பிறந்தீங்க?"

"அங்கிள், பிறந்த நேரம் எதுக்கு?" என்று ஓஸ்வால்டிடம் கேட்டான்.

"கரெக்டா அந்த டைமுக்கு விஷ் பண்ணுவா குரு. லவ்வுன்னா சும்மாவா?" என்றார் ஓஸ்வால்ட்.

பீரோவில் அண்ணனின் ஜாதகத்தைக் குடைந்து நேரத்தை அனுப்பினான்.

"கிரீட்டிங் கார்டு போடறேன், அட்ரஸ் குடுங்க."

கொடுத்தான். கார்டு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு தம்பதி பழத்தட்டோடு ஆட்டோவில் வந்து இறங்கினார்கள்.

"நான் சௌம்யாவோட அப்பா. மாப்பிள்ளை வீட்டைப் பாத்துட்டுப் போலாம்னு வந்தோம். ஜாதகம் அமோகமாப் பொருந்துது!"

"எந்த சௌம்யா?" என்றான் பரத்.

"என்ன மாப்ளே, விளையாடறீங்களா? ஒரு மாசமா சாட்ல பேசிட்டு?"

பரத் மெதுவாகத் திரும்பித் தம்பியைப் பார்த்தான். அடி நிச்சயம். அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். சௌம்யாவை அண்ணி என்று கூப்பிடுவதை நினைத்தபோதுதான் யுவனுக்கு அழுகை முட்டியது.

"நான்தான் பேசினேன்! அவங்களுக்கு என்னைத்தான் பிடிக்கும். வேணும்னா அவங்களையே கேளுங்க!"

சௌம்யாவின் அம்மா ஏந்தி நின்ற பழத்தட்டு சாய்ந்தது. ஓர் ஆரஞ்சு உருண்டு கீழே விழுந்தது.

சௌம்யாவின் அப்பா நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து மனைவியைக் கைகாட்டினார்.

"அவளுக்குக் கம்ப்யூட்டரே தெரியாதுப்பா. ஒரு மாசமா உக்காந்து தட்டினது, டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணின இவதான்!"