பதினைந்தாம் எண்ணில் வந்த அம்மன்

மெட்ரோ வாசலில் அட்டையை வைத்ததும் ‘பீப்’ என்று ஒரு சத்தம் வரும். பொம்மனஹள்ளி ஜனமெல்லாம் அதைச் சட்டை செய்யாமல் போய்க்கொண்டிருக்க, நான் மட்டும் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவேன். (பின்னால் வருகிறவர் என்மேல் மோதிவிட்டு “ஏன்ரீ” என்று கன்னடத்தில் சலித்துக்கொள்வார்.) அந்த ஒரு பீப்பில் எனக்குள் கற்பூரம் எரியும், மஞ்சள் தண்ணீர் வழியும், இருபது பெண்கள் கைகூப்பி நிற்பார்கள்.

ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இயந்திரங்களுக்குக் கையேடு எழுதுவதுதான் என் பிழைப்பு. ‘பயன்படுத்தும் முன் முழுவதும் படிக்கவும்’ என்ற வரியை நூறு தடவையாவது எழுதியிருப்பேன். ஒரு தடவைகூட அதற்குக் கீழ்ப்படிந்ததில்லை. மிச்ச நேரத்தில் கவிதை எழுதுகிறேன். அதையும் யாரும் முழுவதும் படிப்பதில்லை, அது வேறு துக்கம்.

அப்போது எனக்கு முப்பத்தாறு வயது. செல்வமும் நானும் ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் செய்துகொண்டு இரண்டு வருஷம் ஆகியிருந்தது. மர்பி டவுனில் மாமியார் வீட்டுப் படியை நான் மிதித்ததே இல்லை. நாத்தனார் மஞ்சு அழுது அடம்பிடித்ததில், அவள் வளைகாப்புக்கு மட்டும் எனக்கு அழைப்பு வந்தது. “இந்த ஒரு தபா வரட்டும். எப்படி நடந்துக்கறான்னு பாக்கறேன்” என்று அத்தை சொல்லியனுப்பியிருந்தார்.

வளைகாப்பன்று காலை ஐந்து மணிக்கு எனக்கு மாதவிலக்கு வந்தது.

அந்த மூன்று நாளும் விசேஷத்தில் தலைகாட்டக் கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம். சொன்னால் போக முடியாது. போகாவிட்டால் இன்னொரு அழைப்பு வராது. மறைத்துவிடலாமென்றால் வலி விடாது. என் வலி லேசுப்பட்டதில்லை. இடுப்பெலும்பில் கிளம்பி, தொடை வழியே இறங்கி, சில்க் போர்டு சிக்னல் நெரிசல்போல நகராமல் அங்கேயே உறுமிக்கொண்டு நிற்கும்.

அப்போதுதான் ஷில்பா கொடுத்தது ஞாபகம் வந்தது. ஆபீஸ் சிநேகிதி. சோப்புப் பெட்டியில் பாதிகூட இல்லாத ஒரு கருவி, இரண்டு ஒயர், நுனியில் பசையுள்ள இரண்டு பட்டைகள். நரம்புக்கு மெல்லிய மின்சாரம் கொடுத்து வலியை மறக்கடிக்குமாம். கையேட்டையும் கொடுத்திருந்தாள். (டிபன் டப்பாவுக்கு அடியில் விரித்திருந்தேன்.)

தொப்புளுக்குக் கீழே ஒட்டி, ஐந்தாம் எண்ணில் வைத்தேன். தோலுக்கடியில் எறும்புகளின் ஊர்வலம் ஒன்று புறப்பட்டது. அவ்வளவுதான். வலி ஒரு தெரு தள்ளிப் போய் நின்றுகொண்டது. அங்கே இருக்கிறது என்று தெரிந்தது, ஆனால் அது கூப்பிட்டால் எனக்குக் கேட்கவில்லை. இருபத்து மூன்று வருஷமாக மாதாமாதம் என்னைத் தரையில் உருட்டிய ஒன்றை உள்ளங்கையளவு பிளாஸ்டிக் போய் உட்கார் என்று சொல்லிவிட்டது. கட்டிலில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன். பிறகு கருவியை உள்பாவாடை நாடாவில் செருகி, மேலே பட்டுப்புடவை சுற்றிக்கொண்டு ஆட்டோ ஏறினேன்.

பொத்தான் அமுங்கினால் ‘பீப்’ என்று ஓர் எண் ஏறும். அப்படி அமுங்காமல் பூட்டிவைக்கும் வசதியும் அதில் இருந்ததாம். கையேட்டின் மூன்றாம் பக்கம்.

மஞ்சு நாற்காலியில் அமர்ந்திருந்தாள். குனிந்து கன்னத்தில் சந்தனம் பூசினேன். பீப். குங்குமம் வைத்தேன். பீப். வலக்கையில் வளையல், இடக்கையில் வளையல். பீப், பீப்.

“அண்ணி, உங்க போன் அடிக்குது” என்றாள் மஞ்சு.

“ஆபீஸ்லேர்ந்து” என்றேன். (ஞாயிற்றுக்கிழமை.)

அட்சதை போட நிமிர்ந்தபோது, இறுகிய கொசுவம் பொத்தானை ஒரேயடியாக அமுக்கியது. பதினைந்து.

என் வயிறு என்னைக் கேட்காமல் ஒரு முடிவெடுத்தது. நான் துள்ளினேன். நிறுத்தலாமென்று புடவைக்குள் கையை விட்டேன். கையும் சேர்ந்து துள்ளியது. கொண்டை அவிழ்ந்து முகத்தில் விழுந்தது, பல் கிட்டித்தது, தொண்டையிலிருந்து ‘ஹூம், ஹூம்’ என்று யாரோ உறுமினார்கள். நான்தான்.

பக்கத்து வீட்டு ரத்னம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். “அம்மா பந்துபிட்ளு.” அம்மன் வந்துவிட்டாளாம்.

கற்பூரத் தட்டு வந்தது. இரண்டு வருஷமாக என் பெயரைச் சொல்லாத மாமியார் தரையில் விழுந்து என் இரண்டு காலையும் பிடித்துக்கொண்டார். “தாயே, எம்பொண்ணுக்கு நல்லபடியா பிரசவம் ஆவணும். எதுனா கொறை வெச்சிருந்தா சொல்லும்மா.”

அன்றைய தேதிக்கு அந்த வீட்டிலேயே நிற்க லாயக்கில்லாத ஒரே பெண் நான். என்னிடம்தான் கேட்டார்.

அதற்குள் ரத்னம்மா ஒரு குடம் மஞ்சள் தண்ணீரை என் தலையில் கவிழ்த்தார். மின்சாரம், தண்ணீர், நான். செத்தேன் என்று நினைத்து, வீடு அதிரக் கத்தினேன். “எல்லாரும் வெளிய போங்க.”

போனார்கள். புறமுதுகு காட்டாமல், கைகூப்பியபடி பின்னால் நடந்தே போனார்கள். மஞ்சுவும் வளையலைக் கையால் அடக்கிக்கொண்டு போனாள். இரண்டு வருஷமாக நுழைய முடியாத வீட்டை ஒரே நிமிஷத்தில் காலி செய்திருந்தேன். மிஞ்சியது, என் காலை விடாத அத்தை மட்டும்.

வேறு வழியில்லை. கருவி, ஒயர், பட்டை எல்லாவற்றையும் சேர்த்துப் பிடுங்கினேன். அம்மன் சட்டென்று மலையேறினாள். என் கையில் சொட்டச் சொட்டத் தொங்கியதை அத்தை அண்ணாந்து பார்த்தார்.

“இன்னா இது?”

“வயித்து வலிக்கு, அத்த.”

“இன்னிக்கா?”

“இன்னிக்குதான்.”

அவர் எழுந்து போய்க் கதவைத் தாழ்போட்டார். முடிந்தது என்று நினைத்தேன்.

“சாமின்னு உன் கால்ல வுழுந்துட்டேன்.”

“மன்னிச்சிருங்க.”

“அத வுடு. நெஜமாவே வலி நிக்குதா?”

தலையாட்டினேன். அவர் கருவியை வாங்கி முந்தானையால் துடைத்தார். “இருவத்தஞ்சு வருசம் கார்மெண்ட்ஸ்ல தெச்சேன். அந்த நாள்ல மெஷின் மேசை விளிம்ப வயித்துல அழுத்திக்கினே தெப்பேன். பாத்ரூம் போனா சூப்பர்வைசர் கடியாரத்த பாப்பான்.” பிறகு ஈரப் பட்டைகளைத் தன் அடிவயிற்றில் வைத்துக் கையாலேயே அழுத்திக்கொண்டார். அவருக்கு அதெல்லாம் நின்று பத்து வருஷம் ஆகியிருக்கும். “போடு.”

ஒன்றில் வைத்தேன்.

“எறும்பு ஊருதுடி” என்றார். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டார். அந்த முகத்தை ஏழு வருஷமாக எழுதிப் பார்க்கிறேன், வரவில்லை.

வெளியே ரத்னம்மா கதவைத் தட்டினார். “அம்மா போய்ட்டாளா?”

“இல்ல, கீறா” என்றார் அத்தை, கண்ணைத் திறக்காமலே. “ஸொல்ப நேரம் இரு.”

எங்கள் வீட்டில் இப்போதும் மிக்சி குதித்தால் செல்வம் கற்பூரம் தேடுவார். மஞ்சுவின் மகள், ‘அத்தைக்குச் சாமி வரும், ஆனா சார்ஜ் போடணும்’ என்று பள்ளியில் சொல்லி வைத்திருக்கிறாள். மர்பி டவுன் தெருவுக்கு மட்டும் இன்றுவரை உண்மை தெரியாது. நான் போனால் ரத்னம்மா செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் பேசுவார்.

அன்று சாயங்காலம் தெருவே கும்பிட்டு என்னை ஆட்டோவில் ஏற்றியது. அத்தை எல்லார் எதிரிலும் பயபக்தியோடு குங்குமம் வைத்துவிட்டு, ஆட்டோவுக்குள் தலையை நீட்டிக் குரலைத் தாழ்த்தினார்.

“அடுத்த மாசம் வா. தேதி பாத்துக்கினு நிக்காத.”

“அந்த நாளா இருந்தா, அத்த?”

“அந்த நாளா இருந்தாலும் வா.”