பதினாறு மைல் தகடு

"ஹாரனை அடி, எஸ்றா! நிறுத்தினா ஏறிருவாங்க!" என்றாள் டிரைவரிடம் நர்ஸ் இன்பமணி.

காருக்குக் குறுக்கே கற்பூரத் தட்டோடு பாய்ந்தது தூத்துக்குடி. பின் சீட்டில் செப்புப் பெட்டியை மடியில் வைத்து ஆசி வழங்கினார் மின்சாரானந்த சுவாமிகள். பெட்டிக்குள் மந்திரத் தகடாம். பூட்டு கிடையாது, திறந்தால் கண் அவிந்துபோகும் என்பதே பூட்டு.

யுத்தகாலம்; பெட்ரோலுக்குக் கூப்பன். ஊருக்குப் போன வெள்ளைக்காரன் ஒருவன் பிரசவ ஆஸ்பத்திரிக்குத் தந்தது இந்த பேட்டரி கார். ஓட்டப்பிடாரம் பதினாறு மைல். அங்கே மாற்று பேட்டரி இருப்பதால்தான் கர்ப்பிணிகளை ஏற்றித் திரும்ப முடிகிறது. அதைக் காணிக்கையாகக் கேட்டார் சுவாமி. தகடு இருக்க இன்னொரு பேட்டரி எதற்கு?

முந்தாநாள் நிரூபித்தும் விட்டார். தகடில்லாமல் ஆஸ்பத்திரிக் கமிட்டியார் நால்வரோடு போன கார் ஒன்பதாம் மைலில் படுத்தது. மாடு கட்டி இழுத்தார்கள். மாற்று பேட்டரியும் தகடுமாகத் திரும்பியபோது பதினாறு மைலும் பறந்தது. "அதே மாதிரி இன்னொரு தடவை ஓட்டிக் காட்டட்டும்" என்று அடம்பிடித்தவள் இன்பமணி.

ஓட்டப்பிடாரத்திலிருந்து திரும்புகையில் இன்றும் பறந்தது. ஆஸ்பத்திரி வாசலில் மாலையோடு நின்றார் கமிட்டித் தலைவர், உப்பளத்துத் தாணுலிங்கம்.

"பாத்தியளா? அந்த மாற்று பேட்டரியக் கொண்டாந்து சாமி வண்டியில ஏத்துங்கலே."

"பொறுங்க அண்ணாச்சி. நடுவழியில கார் நின்னா, வலியெடுத்தவளைத் தகடா தூக்கிட்டு வரும்? சாமி, இன்னைக்குக் காரை இழுத்தது எது?"

"தகட்டின் சக்தி, பெண்ணே."

வெடுக்கென்று பெட்டியைத் திறந்தாள். ஊரே கண்ணை மூடிக்கொண்டது. மூக்கை மூட மறந்துவிட்டது.

உள்ளே நெத்திலிக் கருவாடு.

பதினாறு மைல் மடியில் சுமந்தவருக்கே வாடை தெரியவில்லை. பாவம், தூத்துக்குடிக் காற்றே அப்படித்தானே?

"அப்ப எதும்மா இழுத்துச்சு?" என்றார் தாணுலிங்கம்.

"மேக்கேயிருந்து அடிக்கிற கச்சான் காத்து. போகையில எதிர்த்து அடிச்சுது. ஏறினது நாலு பேரு, அதில நீங்களே ரெண்டாளு கனம். வருகையில முதுகைப் பிடிச்சுத் தள்ளுச்சு, ஆளும் கொறைவு. காத்துக்குக் காணிக்கை போடுதியளா?"

சுவாமியைக் காணோம். அவரும் காற்றுப் போன பக்கமே போயிருந்தார்.

"தகடு எங்க?"

"காலையில நான்தான் மாத்தி வச்சேன். ஆஸ்பத்திரிக் கஞ்சிப் பானைக்கு மூடியாக் கெடக்கு. பானைக்கு மூடி வேணும் அண்ணாச்சி. மூளைக்கு வேண்டாம்."