அனுபவம் சார் தரையிறங்குகிறார்

உலகத்தில் எந்தக் கருவியும் பழுதாகலாம், தான் மட்டும் பழுதாகவே முடியாது என்று நம்புகிற ஒரு மனித இனம் உண்டு. நீங்கள் அலுவலகத்தில் பார்த்திருப்பீர்கள், கல்யாண வீட்டில் பார்த்திருப்பீர்கள். நான் காட்டப்போகிறவர் விமானத்தின் மூக்கில், இடப்பக்க இருக்கையில் உட்கார்ந்திருப்பவர். கேப்டன். சக ஊழியர்கள் வைத்த பெயர், 'அனுபவம் சார்'.

அனுபவம் சார் வானிலை அறிக்கை படிக்கமாட்டார். ஜன்னல் வழியாக ஒரு பார்வை பார்த்து, "இதெல்லாம் ஒரு மழையா?" என்பார். ஏதாவது கருவி மக்கர் செய்தால் விரலை மடக்கி அதன் கண்ணாடியில் இரண்டு தட்டு தட்டுவார். பிழைத்துக்கொண்டால் அவருடைய கைராசி, பிழைக்காவிட்டால் அதை வாங்கினவன் ஏமாளி. இறங்குவதைப் பாதியில் விட்டுவிட்டு மறுபடி மேலே ஏறுவதா? அதைவிடப் பரீட்சையில் பெயிலாகி அதே பெஞ்சில் உட்காரலாம்.

அன்று மழை. வெளியே மேகத்தைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. இந்த மாதிரி நேரத்தில் சரியான சரிவில் இறங்குகிறோமா என்று காட்ட ஓர் ஊசி உண்டு. தரையிலிருந்து வரும் சிக்னல் அறுந்துபோனால் அதன் பக்கத்தில் ஒரு சிவப்புக் கொடி எட்டிப் பார்க்கும். எட்டிப் பார்த்தது. ஊசி நட்டநடுவில் அப்படியே நின்றுவிட்டது.

"பாத்தியாம்மா? நூல் புடிச்ச மாதிரி வந்துட்டிருக்கோம்" என்றார் அனுபவம் சார்.

செத்த ஊசி எப்படி ஆடும்?

"சார், கொடி வந்திருக்கு" என்றாள் பக்கத்திலிருந்த துணை விமானி.

இரண்டு தட்டு. கொடி அசையவில்லை. "மழைன்னா அது அப்படித்தான்."

"தூரத்துக்கும் உயரத்துக்கும் கணக்கு ஒத்து வரல சார். ரொம்பக் கீழ இருக்கோம். மேல போயிடலாமே?"

"நீ ஸ்கூலுக்குப் போறப்பவே நான் இங்க இறங்கினவன். பொறு, இப்போ ரன்வே தெரியும் பாரு."

இருவரில் யார் 'கோ-அரவுண்ட்' என்று சொன்னாலும் உடனே மேலே ஏறிவிட வேண்டும், சண்டையைத் தரையில் வைத்துக்கொள்ளலாம் என்பது விதி. அது அவளுக்கும் தெரியும். அவளுடைய பதவி உயர்வுக்கு மதிப்பெண் போடுகிறவர் இவர்தான் என்பதும் தெரியும். முதுகுக்குப் பின்னால் விமானம் நிறைய ஜனம். ஏறும்போதே வீறிட்டு அழுத கைக்குழந்தை ஒன்றும் அதில் உண்டு. அவள் இன்னொரு முறை உயரத்தைப் பார்த்தாள். உண்மையிலேயே பயந்தாள்.

மேகம் விலகியது. ரன்வே தெரியவில்லை. ஒரு மொட்டைமாடி தெரிந்தது. அதில் ஒரு கையில் குடையும் மறு கையில் நனைந்த போர்வையுமாக ஒரு அம்மாள் அண்ணாந்து, வாயைப் பிளந்து நின்றார்.

"கோ-அரவுண்ட்!" என்று கத்தியவள் அவர் கைக்காகக் காத்திருக்கவில்லை; தானே விசையைத் தள்ளி, மூக்கைத் தூக்கினாள். விமானம் அலறிக்கொண்டு மேலே ஏறியது. அனுபவம் சார் முதல்முறையாக எதையும் தட்டவில்லை.

மைக்கை எடுத்தபோது அவருக்குக் குரல் திரும்பிவிட்டது. "ரன்வேல நாய் ஒண்ணு குறுக்க வந்துடுச்சு. கவலைப்படாதீங்க" என்று அறிவித்தார். ஓடுபாதையின் எதிர்முனையில் சிக்னல் உயிரோடு இருந்தது; அந்தப் பக்கமிருந்து அவள்தான் விமானத்தை இறக்கினாள். ஜனம் கைதட்டியது. வாசலில் நின்று நன்றிகளை வாங்கிக்கொண்டவர் யார் என்று நான் சொல்லவும் வேண்டுமா?

ஓய்வறையில் காபியை உறிஞ்சியபடி அவர் சொன்னார்: "ஏம்மா, இத்தனை வருஷத்துல எந்த கோ-பைலட்டும் என்கிட்ட குறை சொன்னதில்ல."

"சொல்லிப் பாத்திருப்பாங்க சார். அப்புறம் விட்டிருப்பாங்க" என்று சொல்லிவிட்டு, நடந்ததை அதிகாரியிடம் சொல்ல எழுந்து போனாள். மதிப்பெண் போனால் போகட்டும்.

அனுபவம் சார், அழைத்துப்போக வந்திருந்த மனைவியைப் பக்கத்தில் உட்காரவைத்துத் தானே காரை ஓட்டிக்கொண்டு வீடு திரும்பினார். மனைவி அவருக்கு வழி சொல்வதை நிறுத்திப் பல வருஷம் ஆகிறது. தான் அவ்வளவு நன்றாக ஓட்டுகிறோம் என்று அவருக்கு நினைப்பு.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். உங்களைத்தான் வீட்டில் யாரும் ஒன்றும் சொல்வதில்லையாமே?