நிலாவுக்குப் போன மூன்றாவது ஆளை நான் சாகடித்த விவரம்

சாலவாக்கம்,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள தம்பி ஜான்சனுக்கு அண்ணன் ஏசுதாஸ் எழுதிக்கொண்டது. கர்த்தர் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம். என் மானம் மட்டும் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து படுத்த படுக்கையாக இருக்கிறது. அங்கே நீயும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பக்கத்து வீட்டுப் பையன் தினகரன் எடுத்த வீடியோ உன் போனுக்கு வருவதற்கு முன்னால் நடந்ததை நானே சொல்லிவிடலாம் என்றுதான் இந்தக் கடிதம். தபால் போய்ச் சேர மூன்று நாள் ஆகும், வீடியோ மூன்று நிமிஷத்தில் போய்விடும் என்று உன் அண்ணி ஜெயம்மாள் சொல்கிறாள். ஆனாலும் எழுதுகிறேன். போனில் சொன்னால் நீ சிரித்து முடிக்கும்வரை நான் காத்திருக்க வேண்டும்.

நம் பெண் ஷாரோன் இங்கே பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் டீச்சர் ஆனதிலிருந்து அவளுக்கு ஒரே கவலை. பத்தாவது முடித்த பெண்களைப் பெற்றவர்கள் கம்பெனி வேலைக்கு அனுப்பிவிடுகிறார்கள். அதிலும் நடவு வேலைக்குப் போகிற பாஞ்சாலியின் மகள் கீதா, கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்குகிற பெண். பாஞ்சாலியோ, "படிச்சது போதும் டீச்சர், கம்பெனி வேன் வாசலாண்ட வருது" என்று ஒரே பிடியாக நின்றாள். அம்மாக்களைக் கூட்டி நிலாவுக்கு மனுஷன் போன டாக்குமெண்டரிப் படம் ஒன்றைக் காட்டினால் மனசு மாறும் என்று ஷாரோன் ஏற்பாடு செய்தாள். படம் இங்கிலீஷில் இருந்தது. யார் தமிழில் சொல்வது என்று பேச்சு வந்ததும் ஊரே என்னைப் பார்த்தது. ஏனாத்தூரில் ஒரு காலேஜில் முப்பது வருஷம் வேலை பார்த்தவன் அல்லவா நான்! அங்கே நான் பார்த்த வேலை பைல் தூக்குவது என்பதும், தூக்கின பைல் ஒன்றைக்கூடப் படித்ததில்லை என்பதும் உனக்குத் தெரியும், ஊருக்குத் தெரியாது. நானும் சொன்னதில்லை. பெருமை யாரை விட்டது, தம்பி? ஒத்துக்கொண்டேன்.

ஞாயிறு மத்தியானம் வகுப்பறை ஜன்னலுக்கெல்லாம் தார்ப்பாய் கட்டி இருட்டாக்கிப் படம் போட்டார்கள். எழுபது எண்பது பேர். என் கையில் மைக். ராக்கெட் கிளம்பும்போது அவன் இங்கிலீஷில் பத்து, ஒன்பது என்று எண்ண, நான் தமிழில் எண்ண, நான் ஐந்துக்கு வருவதற்குள் ராக்கெட் போய்விட்டது. அதோடு நிறுத்தியிருக்கலாம். படத்தில் பேசினவன் மூச்சு விடாமல் பேசினான். எனக்கு "மூன்" என்ற ஒரு வார்த்தைதான் பிடிபட்டது. மிச்சத்தைப் படத்தைப் பார்த்து நானே கட்டிச் சொன்னேன். நிலாவில் இரண்டு பேர் இறங்கித் துள்ளித் துள்ளி நடந்தார்கள். "சந்தோசத்துல குதிக்கிறாங்க" என்றேன். அதுவரைக்கும் நன்றாகத்தான் போனது.

"போறப்ப மூணு பேரு ஏறனாங்களே, இன்னொருத்தரு எங்கண்ணா?" என்று இருட்டிலிருந்து பாஞ்சாலி கேட்டாள்.

எனக்கு எப்படித் தெரியும்? அந்த நேரம் பார்த்து அந்த மூன்றாவது ஆளின் கறுப்பு வெள்ளை போட்டோவைத் திரை முழுக்கக் காட்டி, பின்னால் மெதுவாக வயலின் வாசித்தார்கள். நீயே சொல், நம் பக்கத்தில் அதற்கு என்ன அர்த்தம்?

"அவரு வழியிலியே தவறிட்டாரும்மா" என்றேன்.

கூட்டம் 'உச்' கொட்டியது. ஷாரோன் லேப்டாப் பக்கத்திலிருந்து இருமினாள். தூசி என்று நினைத்தேன். அடுத்து ஒரு அம்மாளும் பிள்ளைகளும் டிவி பார்ப்பதைக் காட்டினார்கள். "அவரு சம்சாரம், புள்ளைங்க. இன்னும் தகவல் சொல்லல" என்றேன். என் வாய் அன்றைக்கு என் பேச்சைக் கேட்கவில்லை, தம்பி. முன்னால் உட்கார்ந்திருந்த செங்கேணி தலையில் அடித்துக்கொண்டு, "கூட வந்தவன் பூட்டான், இந்தப் பாவிங்க ரெண்டு பேரும் அங்க குதிச்சிக்கினு கீறானுங்களே!" என்று அழ ஆரம்பித்தாள். பாஞ்சாலி கீதாவின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டாள். "ஒண்ணும் வேணாம் டீச்சர். படிச்சவங்க கதி இதான்னா எம் பொண்ணு கம்பெனிக்கே போவட்டும்."

ஷாரோன் வாயைத் திறப்பதற்குள் நான் மைக்கில், "எல்லாரும் எழுந்து ரெண்டு நிமிசம் மவுனமா நிப்போம்" என்று சொல்லிவிட்டேன். எல்லோரும் நின்றோம். படம் மட்டும் நிற்கவில்லை. திரையில் கடலில் ஒரு கூடு மிதந்தது. கதவைத் திறந்துகொண்டு ஒருவர் வந்தார். இன்னொருவர் வந்தார்.

"மூணு!" என்று கீதா கத்தினாள். "மூணு பேரும் வன்ட்டாங்கம்மா!"

விசில் பறந்தது. செங்கேணி கண்ணைத் துடைத்துக்கொண்டே கை தட்டினாள். பிறகு எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். இது வேறு ஆள் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு நொடி யோசித்தேன், உன்னிடம் மறைப்பானேன். ஆனால் ஷாரோனின் முகத்தைப் பார்த்தேன். "எனக்கு இங்கிலீசு தெரியாது" என்றேன். "காலேஜுல பைலு தூக்கினேன். அவ்ளோதான்." யாருமே சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

ஷாரோன் மைக்கை வாங்கினாள். அந்த மூன்றாவது ஆள் நிலாவில் இறங்காமல், மேலேயே தனியாகச் சுற்றிக்கொண்டு, இரண்டு பேரையும் திரும்பக் கூட்டி வந்த வண்டியை ஓட்டினவர் என்று சொன்னாள்.

"அம்மாந்தூரம் போயி காலே வெக்கலியா?" என்றாள் பாஞ்சாலி.

"வெக்கலக்கா."

"அவரு இல்லன்னா அவங்க ரெண்டு பேரும் வூடு வந்து சேந்துருக்க மாட்டாங்க, இல்ல?" கீதாவை இழுத்து உட்காரவைத்துத் தானும் உட்கார்ந்தாள். "இன்னா குரூப்பு எடுத்தா அந்த மாரி வண்டி ஓட்டலாம்?"

"கணக்கும் சயின்சும் வேணும்க்கா."

நேற்று காலையில் கீதாவைப் பதினொன்றாவதில் கணக்கு குரூப்பில் சேர்த்தாயிற்று. கையெழுத்துப் போடுகையில் பாஞ்சாலி அழுதாளாம். அந்தச் சந்தோஷத்தோடு டீக்கடைக்குப் போனேன், "வாங்க, இன்னிக்கி யாரு தவறிட்டாங்க?" என்று கேட்டார்கள். டீ குடிக்காமல் திரும்பிவிட்டேன். இனி ஆயுசுக்கும் மைக்கைத் தொடமாட்டேன்.

உன் வீட்டில் எல்லோருக்கும் என் ஸ்தோத்திரம். பிள்ளைகளைக் கர்த்தர் கண்ணின் மணிபோலக் காப்பாராக. வீடியோ வந்தால் பார்க்காமல் அழித்துவிடு. பார்த்தால் மவுன அஞ்சலியோடு நிறுத்திக்கொள்.

இப்படிக்கு உன் அண்ணன்,
ஏசுதாஸ்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் போகும்போது ஷாரோன் வந்து ஒன்று சொன்னாள். அந்தப் படத்திலேயே தமிழ்ப் பேச்சும் இருந்ததாம். ஒரு பட்டனை அமுக்கினால் போதுமாம். முதலிலேயே தெரியுமா என்றேன். தெரியுமாம். "அப்புறம் ஏம்மா அமுத்தல?" என்றேன். "ஒரு வாரமா கண்ணாடி முன்னாடி நின்னு பேசிப் பாத்துக்கினு இருந்தியே நைனா, எப்பிடி அமுத்தறது?" என்கிறாள்.