ஜார்லத் மீசையில் ஒட்டிய நுரை

கில்மோரன், கிளேர்
மே 14

கால்வே நகரில் முப்பது வருடங்களாக மதுக்கடை நடத்திவரும் மரியாதைக்குரிய மச்சான் அல்டன் அவர்களுக்கு, உங்கள் தங்கை அசம்ப்டாவின் கணவன் ஃபின்பார் எழுதிக்கொள்வது. இங்கே நான், உங்கள் தங்கை, மழை மூவரும் சுகம். அங்கே உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். குறையாவிட்டாலும் பரவாயில்லை, இந்தக் கடிதத்தை உட்கார்ந்துகொண்டே படிக்கலாம்.

ஈஸ்டர் விருந்தில் அத்தனை பேர் முன்னால் நீங்கள் சொன்னது நினைவிருக்கும். "மாப்ள, நீ பஸ் ஓட்டுனவன். கறுப்பு ஸ்டவுட் பீர் காய்ச்சுறது கூட வந்துரும், அது மேல நுரை நிக்க வைக்கிறது உனக்கு இந்த ஜென்மத்துல வராது" என்றீர்கள். நான் சிரித்தேன். ஆனால் அந்தச் சிரிப்போடு வீட்டுக்கு வந்தவன் அன்றைக்கே பார்லியை வறுக்க ஆரம்பித்துவிட்டேன். ரோஷம் மட்டும் காரணமில்லை. எங்கள் ஊரில் இருந்த ஒரே மதுக்கடையை ஜனவரியில் மூடிவிட்டார்கள். அடுத்த வீட்டு ஜார்லத், படகு ஓட்டியவர், அதே மாதம் இடுப்பெலும்பு முறிந்து படுத்தார். எலும்பு கூடியும் மனுஷன் வாசல்படி தாண்டவில்லை, சாப்பாட்டில் பாதியைத் தட்டிலேயே வைக்கிறார் என்று அவர் மகள் கிரானியா கண்ணைத் துடைத்தாள். "எங்க போகச் சொல்ற? ஒரு நல்ல கிளாஸ் கறுப்பைப் பாக்காமலேதான் போகப்போறேன்" என்றார் என்னிடம். நான் வாய் அடங்காமல், "உங்க பொறந்தநாளுக்கு என் சமையலறையில ஊத்துறேன்" என்று சொல்லிவிட்டேன்.

முதல் பீப்பாயில் சாதாரண பீருக்குச் செய்வதுபோல ஐந்து நாள் கரியமில வாயுவை ஏற்றினேன். குழாயைத் திறந்ததும் கிளாஸ் நிரம்பியது, மேஜை நிரம்பியது, உங்கள் தங்கை இஸ்திரி போட்டு அடுக்கி வைத்திருந்த தேவாலயப் பீடத்துணிகளும் நிரம்பின. "இது பீரா, தீயணைப்பு வண்டியா?" என்று அவள் கேட்டாள். அந்த ஞாயிறு பூசையில் பாதிரியார் துணியை முகர்ந்து முகர்ந்து பார்த்ததில் ஜெபத்தை இரண்டுமுறை தவறவிட்டார். அடுத்த பீப்பாய்க்கு முக்கால் பங்கு நைட்ரஜன் கலந்த வாயு வாங்கினேன். ஆசையோடு ஒரு கிளாஸ் ஜார்லத்துக்குக் கொண்டுபோனேன். அவர் நுரையே இல்லாத கிளாஸை எட்டிப் பார்த்து, "தேத்தண்ணி கொண்டாந்தியாப்பா? பால் ஊத்த மறந்துட்டியே" என்றார். மச்சான், அன்று நான் வீடு திரும்பிய முப்பது அடி தூரம், நான் பஸ் ஓட்டிய எந்தப் பாதையையும் விட நீளம்.

பிறகுதான் குழாயைக் கழற்றிப் பார்த்தேன். அதற்குள் இருக்க வேண்டிய, ஊசிமுனை அளவு ஐந்து ஓட்டைகள் உள்ள பித்தளை வில்லையைக் காணோம். அதன் வழியாகப் பீர் நெருக்கிக்கொண்டு வந்தால்தான் பொடிநுரை எழும்பும். மூன்று நாள் தேடினேன். கடைசியில் அது என் கம்பளிச் சட்டையில், மேலிருந்து இரண்டாவது பொத்தானாக இருந்தது. கழுவி வைத்ததைப் பொத்தான் என்று நினைத்து உங்கள் தங்கை தைத்துவிட்டாள். "அஞ்சு ஓட்டையில பொத்தான் உண்டாடி?" என்றேன். "நீங்க வாங்குற சட்டைக்கு எதுவும் உண்டு" என்றாள். வில்லையை மாட்டியதும் நுரை வந்தது, ஒரு நிமிடத்தில் செத்தது. அதற்கும் அவள்தான் வழி கண்டாள், கிளாஸை மூக்கருகே கொண்டுபோய், "இதுல பன்றிக்கொழுப்பு வாசம் அடிக்குது. வாணலி கழுவுன தண்ணியிலேயே இதையும் முக்கிட்டீங்க. எண்ணெய்ப்பசை பட்டா நுரை எப்படி நிக்கும்?" என்றாள். உப்புப் போட்டுத் தேய்த்துக் கவிழ்த்து வைத்தோம்.

நேற்று, சனிக்கிழமை மதியம், பிறந்தநாள். நான்கு மாதத்தில் முதல்முறையாக ஜார்லத் வாசல்படி தாண்டினார், நடைச்சட்டத்தை ஊன்றிக்கொண்டு, கழுத்தில் டையோடு. சமையலறையில் எட்டுப் பேர். கிளாஸைச் சாய்த்து முக்காலளவு ஊற்றி வைத்தேன். பழுப்பு அலை கீழே கீழே இறங்க, கறுப்பு மேலே மேலே ஏற, இரண்டு நிமிடம் எல்லாத் தலைகளும் கிளாஸ்மேல் குனிந்திருந்தன. மிச்சத்தை ஊற்றினேன். விரல் தடிமனுக்கு, கெட்டித் தயிர்போல, விளிம்புக்கு மேலே எழும்பி நின்றது மச்சான்! நின்றது! ஜார்லத் குடித்தார். வெள்ளை மீசை இன்னும் வெள்ளையானது. எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். "சும்மா இருங்க, யாரும் எங்கூடப் பேசாதீங்க" என்று கண்ணை மூடிக்கொண்டார். ஒவ்வொரு மடக்குக்கும் கிளாஸில் ஒரு வெள்ளை வளையம் தங்கியது. கடைசித் துளிவரை நுரை கூடவே இறங்கியது. பிறகு கோஸும் பன்றி இறைச்சியும் இரண்டு தட்டுச் சாப்பிட்டார். கிரானியா என் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள், உங்கள் தங்கை பார்த்துக்கொண்டிருக்கும்போதே.

ஆகவே வருகிற ஞாயிறு வெறுங்கையோடு புறப்பட்டு வாருங்கள். உங்கள் கடைச் சரக்கு எதுவும் இங்கே தேவையில்லை. ஒரு கிளாஸ் குடித்துவிட்டு, ஊரார் முன்னால் "பஸ்காரன் ஜெயிச்சான்" என்று சொல்ல வேண்டியது ஒன்றுதான் பாக்கி. உங்கள் மனைவிக்கு என் வணக்கம், குழந்தைகளுக்கு முத்தங்கள், உங்கள் முழங்காலுக்குப் புனித பிரிஜித்தின் அருள்.

வெற்றியுடன்,
ஃபின்பார் டூஹி

பி.கு.: உறை ஒட்டப் போகும்போது ஒரு சின்னச் செய்தி. நேற்றுக் கொண்டாட்டத்தில் வாயுத் திருகை மூட மறந்திருக்கிறேன். சிலிண்டர் காலி, இன்று ஊற்றினால் சொட்டு நுரை இல்லை. ஞாயிறுவரை காத்திருக்காமல் இந்தக் கடிதம் கிடைத்தவுடனே, உங்கள் கடைச் சிலிண்டர் ஒன்றைப் போர்வையில் சுற்றிக்கொண்டு பின்வாசல் வழியாக வாருங்கள். ஜார்லத் இன்றும் டை கட்டிக்கொண்டு, இன்னொரு கிளாஸுக்காக வந்து முன்னறையில் உட்கார்ந்திருக்கிறார். உங்கள் தங்கை பேச்சுக் கொடுத்துச் சமாளித்துக்கொண்டிருக்கிறாள்.